என் பெயரில் ஒரு நம்பர்

எனக்கு அடையாள அட்டை கிடைத்தபோது முப்பத்தொரு வயது. என் அப்பா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே செடிகளைக் கவ்வாத்து வெட்டி, அட்டை இல்லாமலேயே செத்தார். அவரைப் பொறுத்தவரை அவர் எந்த நாட்டு ஆள் என்று எந்த ஒபிசும் கடைசிவரை சொல்லவில்லை. அதனால் எனக்கு அட்டை வந்ததும் கொஞ்சம் தலைகால் புரியாமல் நடந்துகொண்டேன். பிளாஸ்டிக் உறை போட்டு பர்சில் வைத்தேன். கேட்டால் காட்டுவேன். கேட்காவிட்டாலும் காட்டுவேன். யுத்த காலம். கண்டி டவுனில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மணிக்கூட்டுக் கோபுரம் வருவதற்குள் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் நிறுத்தி அட்டை கேட்பார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எடுப்பார்கள். நான் சந்தோஷமாக எடுத்து நீட்டினேன். இப்படி ஒரு மடத்தனம்.

அப்போது டவுனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றேன். வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம். புருஷன் இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். வீட்டின் பின்னறையை வாடகைக்கு விட்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையை மூடிய பிறகு அந்த அறைக்கு ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி வந்தார்கள். அவர் டியூட்டரியில் கணக்குப் படிப்பித்தார். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. சிங்களம் ஒரு சொல் தெரியாது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதியவேண்டிய படிவத்தை நான்தான் சிங்களத்தில் நிரப்பி, இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் பதிந்தேன்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கம்பனி பெரிய குடையை விரித்து மேசை போட்டிருந்தது. ஒரு படிவம், இரண்டு சிம். அந்த இரண்டு நம்பரும் ஒன்றுக்கொன்று ஒரு வருஷம் காசில்லாமல் சும்மா பேசலாம். அவர் ஆசைப்பட்டார். வகுப்பு முடிந்து வர அரைமணி பிந்தினாலும் அவள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடி இருப்பாள். அந்த நாளில் எல்லோர் வீட்டிலும் அதுதான்.

டை கட்டிய விற்பனையாளன் அவருடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாழ்ப்பாண விலாசம். ஹெட் ஒபிசில் கேட்க வேண்டும், இரண்டு கிழமை ஆகும் என்றான். அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பின்னால் நின்றவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவமானப்படுத்துகிறவனைப் பார்த்து ஏன் ஐயா சிரிக்கிறாய்?

பர்சைத் திறந்து என் அட்டையை மேசையில் போட்டேன்.

"இந்தா, இது கண்டி அட்டை. இத வச்சு எழுது. இதுக்கும் ஹெட் ஒபிஸ்ல கேக்கணுமா?"

அவன் படிவத்தை இழுத்து எழுதினான். ஒரு வருஷ ஒப்பந்தம். நான் கையெழுத்துப் போட்டேன். அவர்களுக்கு உதவி செய்ததாகப் பிறகு பலர் சொன்னார்கள். உதவி ஒன்றும் இல்லை. அந்த விற்பனையாளன் மேல் வந்த கோபம், அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் ஒரு புதுச் சட்டம் வந்தது. போன் வைத்திருப்பவர், சிம் தன்னுடையது என்று கம்பனி கொடுத்த கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். கடிதங்கள் என் பெயரில் வந்தன. அவர் ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இதின்ர பின்பக்கத்தில ஒரு ரெண்டு வரி எழுதித் தருவீங்களோ?" என்றார். இவர் என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், என் சம்மதத்துடன் இந்த போனைப் பாவிக்கிறார் என்று சிங்களத்தில் எழுதி, அட்டை நம்பரும் வீட்டு விலாசமும் போட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சிம் வாங்கி ஆறாவது கிழமை, பாஸ்போர்ட் புதுப்பிக்க என்று விடிய முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். ஒன்பது மணிக்கு அவளுக்கு எடுத்து, வந்து சேர்ந்துவிட்டேன், லைனில் நிற்கிறேன் என்றார். பிறகு ஒன்றும் இல்லை.

பின்னேர பஸ்ஸில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொழும்புவரை தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டோம். இங்கே பொலிசில், காணாமல் போனது கொழும்பில்தானே, அங்கே போய் முறைப்பாடு செய் என்றார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அங்கே, பதிந்திருப்பது கண்டியில்தானே, அங்கே போய்ச் செய் என்றார்கள். திரும்பி வந்தால், ஒரு மாதம் பார், சில பேர் தானாக வந்துவிடுவார்கள் என்றார்கள். ஒரு வரிகூட எங்கேயும் எழுதவில்லை.

நான் அழவில்லை. அவளும் என் முன்னால் அழவில்லை. கடைக்குப் போய் மருந்துச் சீட்டை வாசித்து மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். ஒரு பிழையும் விடவில்லை.

அவருடைய போன் மட்டும் அடித்தது. காலையில் ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் அவள் அந்த நம்பருக்கு எடுப்பாள். ரிங் போகும். கடைசிவரை போய் நிற்கும். யாரும் எடுப்பதில்லை. பத்து நாள் ஆகியும் அடித்தது. அவள் குசினி வாசலில் நின்று சொன்னாள்:

"அக்கா, பற்றரி ரெண்டு நாளுக்கு மேல நிக்காது. ஆரோ சார்ஜ் போடுகினம். அப்ப அவர் எங்கயோ இருக்கிறார் தானே?"

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். யாரோ சார்ஜ் போடுகிறார்கள். அந்த யாரோவின் கையில் என் பெயரில் ஒரு போன் இருக்கிறது. அதோடு என் கையெழுத்தில் ஒரு கடிதம், என் வீட்டு விலாசத்துடன். அவளுக்கு நம்பிக்கையாக இருந்த அதே விஷயம் என்னை இரவில் இரண்டு தரம் எழுப்பி வாசல் தாழ்ப்பாளைப் பார்க்க வைத்தது.

பெயர் ஒரு காகிதத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது கலவரத்தில், தோட்டத்துக்குக் கீழே நாங்கள் இருந்த கடைத்தெருவுக்கு வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. முன்வீட்டுப் பலசரக்குக்காரருக்கு வாக்கு இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. கடையும் வீடும் எரிந்தன. எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, வாக்கு இல்லை, பெயர் இல்லை. எங்கள் அறையைத் தாண்டிப் போனார்கள். அம்மா அன்றைக்கு, "நல்லவேள நாம ஆளுக் கணக்குலயே இல்ல" என்றாள். அது தெரிந்தவள்தான் கண்ட இடத்தில் அட்டையை நீட்டியிருக்கிறேன்.

என் தம்பி மகியாவையில் இருந்தான். விஷயம் கேள்விப்பட்டு வந்து முற்றத்தில் நின்றே கத்தினான்.

"ஒனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்கு? நாளைக்கு அந்தப் போன எவனாவது எங்கயாவது வச்சு என்னத்தையாவது செஞ்சா, யாரத் தேடி வருவாங்க? மொதல்ல அந்த சிம்ம வெட்டு."

"அவளுக்கு அது ஒண்ணுதான்டா இருக்கு."

"அவளுக்கு அது இருக்கட்டும். ஒன்ன யாரு வந்து தேடுவா? நானா ஸ்டேசன் ஸ்டேசனா அலையிறது?"

அவன் சொன்னது சரி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பனியின் சேவை நம்பருக்குக் கடையிலிருந்து எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். எங்கள் அதிகாரிகள் எல்லோரும் வேலையாக இருக்கிறார்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல். பாட்டு, குரல், பாட்டு, பிறகு தானாகக் கட்டாகிவிட்டது. மூன்று தரம் இப்படி. நாலாவது தரம் ஒன்றை அழுத்தினேன். உடனே ஒரு பெண் எடுத்தாள். சிங்களத்தில் சொன்னேன். ஜோடி ஒப்பந்தத்தை போனில் வெட்ட முடியாது, கிளைக்கு வர வேண்டும் என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அன்று பின்னேரம் அவளிடம் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"அந்த சிம் எம் பேருல இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. வெட்டப் போறேன்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"ஒரு மாசம் பொறுங்கோ அக்கா. பொலிசிலயும் ஒரு மாசம் எண்டுதானே சொன்னவை. அந்த ரிங் கேக்காட்டி எனக்கு ஒண்டும் இல்லை."

"சரி" என்றேன்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளைக்குப் போனேன்.

உள்ளே ஏசி போட்டிருந்தார்கள். டோக்கன் எடுத்துக் கதிரையில் இருந்தேன். சுவரில் டிவி, கிரிக்கெட். என் நம்பர் வந்தது. கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நல்ல சிரிப்பு. நானும் கவுண்டரில் நிற்கிறவள், அந்தச் சிரிப்புக்குக் கம்பனி சம்பளம் கொடுக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ஏன் மிஸ் எங்கள விட்டுப் போறீங்க? சிக்னல் சரியில்லையா?"

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இன்னும் நூறு நிமிஷம் சும்மா தாறோம். இருங்களேன்."

"யாரோட பேச?"

அவள் ஒரு காகிதத்தை எடுத்து விதிகளை வாசித்தாள். வெட்டுவதென்றால் இரண்டு சிம்மையும் ஒப்படைக்க வேண்டும். ஒன்று இல்லை என்றேன். தொலைந்துவிட்டதா என்றாள். நான் பர்சைத் திறந்து மூடினேன். பின்னால் நின்ற ஆள் செருமினார்.

"தொலஞ்சிருந்தா பிரச்சின இல்ல மிஸ். பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டு அந்தத் துண்டக் கொண்டு வாங்க. அது போதும்."

அங்கிருந்தே பொலிசுக்கு நடந்தேன். சார்ஜன்ட் வெற்றிலை போட்டிருந்தார். மனுசன் நல்ல மாதிரி. கதிரை காட்டி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

"என்ன நங்கி, என்ன தொலஞ்சது?"

"போன். சிம்மோட."

"எங்க?"

"குட்ஷெட்ல. பஸ் ஏறக்குள்ள."

"அங்கதான் எல்லாம் தொலையும். போன மாசம் எம் பொஞ்சாதியோட குடைய எடுத்துட்டானுங்க. பொலிஸ்காரன் குடைன்னு அவனுக்குத் தெரியல."

சிரித்தார். நானும் சிரித்தேன். பெரிய புத்தகத்தைத் திறந்து என் பெயர், அட்டை நம்பர், போனின் நிறம், தொலைந்த இடம், நேரம் எல்லாம் எழுதினார். போனின் மூலையில் கீறல் ஏதும் உண்டா என்றுகூடக் கேட்டார். பத்து நிமிஷம் ஆகவில்லை. துண்டு எழுதி சீல் அடித்துத் தந்தார். அதே மேசைக்கு முன்னால் அவள் மூன்று தரம் நின்றிருக்கிறாள். கல்யாண போட்டோவை மேசையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு ஏதாவது வாயில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்துதி என்று சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பக் கிளை. திரும்ப டோக்கன். அதே பிள்ளை. துண்டைப் பார்த்து, படிவத்தை நிரப்பிவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், ரெண்டு நம்பரையும் வெட்டணும்னு இல்ல. ஒண்ண முன்னாடியே காசு போடுற முற்கொடுப்பனவுக்கு மாத்தி வச்சுக்கலாம். எத வெட்ட, எத வைக்க?"

அதை அவள், பெரிய பை வேண்டுமா சின்னப் பை வேண்டுமா என்கிற மாதிரிக் கேட்டாள். அவள்மேல் பிழை இல்லை. பின்னறையில் இருக்கிறவளின் கையில் இருந்த நம்பர்தான் அவருக்குத் தெரிந்த நம்பர். எங்காவது யாராவது ஒரு போனைக் கொடுத்தால் அதற்குத்தான் எடுப்பார். அதை வைக்கச் சொன்னேன். மற்றதைக் காட்டி, இதை வெட்டு என்றேன். நாலு மணிக்குள் வெட்டுப்படும் என்றாள். சேவை திருப்தியா என்று கேட்கிற ஒரு சின்னக் காகிதம் தந்தாள். அதில் நாலு முகம் போட்டிருந்தது. சிரிக்கிற முகத்தில் கோடு போட்டுப் பெட்டியில் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பிள்ளையின் வேலை போய்விடக் கூடாதென்றோ என்னவோ.

ஆறு மணிக்கு நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசலில் அவள் எடுத்தாள். திரும்ப எடுத்தாள். திரும்பவும். பிறகு போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள்.

"அக்கா, நம்பர் பாவனையில இல்லையாம். மூண்டு பாசையிலயும் சொல்லுது. கம்பனியில ஏதோ பிழை விட்டிட்டினம் போல. ஒருக்கா நீங்கள் எடுத்துக் கேளுங்கோ. உங்கட பேரிலதானே, உங்களுக்குத்தான் சொல்லுவினம்."

போனை என்னிடம் நீட்டினாள். சேவை நம்பரையும் அவளே அழுத்தியிருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதை வாங்கிக் கட் பண்ணினேன்.

"பிழ இல்ல. நாந்தான் வெட்டுனேன். காலைல போய்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது தெரியும். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"ரொட்டி கருகுது அக்கா" என்றாள். பிறகு, "ஓம். உங்கட பேர்தானே" என்றாள்.

வீட்டை விட்டுப் போவாள் என்று தம்பி சொன்னான். போகவில்லை. எங்கே போவது? என்னோடு பேசாமல் விடவும் இல்லை. தேங்காய் வாங்கி வாருங்கள் அக்கா, தண்ணீர் வரவில்லை அக்கா, எல்லாம் பேசினாள். காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் அந்த நம்பருக்கு எடுப்பதையும் விடவில்லை. மூன்று பாஷையும் முடியும்வரை கேட்டுவிட்டு வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேன், "அதுலதான் ஒண்ணும் இல்லையே, ஏன் சும்மா எடுக்கிற?" அவள் போனைத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். பொலிசில் ஒரு மாதம் கழித்து முறைப்பாட்டை எழுதினார்கள். அரைப் பக்கம்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. ஆமி ஒவ்வொரு ஊராகப் பிடிக்கும்போதும் டவுனில் வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அப்படி ஒரு பின்னேரம் அவள் பின்வாசலிலிருந்து ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"அக்கா, அடிக்குது. ரிங் போகுது."

போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ரிங் போனது. நான்கு தரம், ஐந்து தரம். பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ. கவுத?" ஒரு பெண் குரல், சிங்களத்தில் யாரென்று கேட்டது.

அவள் போனை என் கையில் திணித்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கேளுங்கோ, அவர் எங்க எண்டு கேளுங்கோ. அவர்ட போனை ஆர் உங்களிட்டத் தந்தது எண்டு கேளுங்கோ."

நான் சிங்களத்தில், இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அந்தப் பெண் கலகெதரயில் ஒரு தையல்கடையில் வேலை செய்கிறவள். போன கிழமை அங்கே குடை விரித்து சிம் விற்றார்கள், ஒன்று வாங்கினேன், ஏன் அக்கா என்றாள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எனக்கு விளங்கிவிட்டது. வெட்டிய நம்பரை வெட்டியதாகவே வைத்திருக்க மாட்டார்கள், வேறு ஆளுக்கு விற்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நூறு நிமிஷம் சும்மா தருகிறோம் என்றாள் கவுண்டர்ப் பிள்ளை, அதை மட்டும் சொல்லவில்லை.

"வேற ஆளு" என்றேன் அவளிடம். "நம்பரத் திருப்பி வித்திருக்கானுங்க. இது ஒரு பொம்பளப் புள்ள. கலகெதர. அவருக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல."

அவளுடைய பிடி விடவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றாள்.

"வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "இந்த நம்பருக்கு வேற ஆரும் எடுத்தவையோ எண்டு கேளுங்கோ. ஊரில அவர்ட அம்மாவுக்கும் இந்த நம்பர்தான் தெரியும்."

கேட்டேன். தமிழில் ஒரு கிழவி இரண்டு தரம் எடுத்தாள், ஒன்றும் விளங்கவில்லை, அழுதாள், வைத்துவிட்டேன் என்றாள் அந்தப் பெண். பாவம் அக்கா, எனக்குத் தமிழ் தெரியாதே என்றாள்.

நான் அதை அப்படியே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"என்ர நம்பரை அவவிட்டக் குடுங்கோ. இனி ஆரும் தமிழில எடுத்தால் இதைச் சொல்லச் சொல்லுங்கோ. நம்பரை மட்டும் சொன்னால் காணும்."

அந்தப் பெண் பென்சில் தேடினாள். மெஷின் நின்றது. நான் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவள் எழுதிவிட்டு, சரியா அக்கா என்று முழுவதையும் திருப்பி வாசித்தாள். பிறகு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, சொல்லித் தாருங்கள் என்றாள். நான் தமிழில் பூச்சியத்திலிருந்து ஒன்பதுவரை சொல்லிக் கொடுத்தேன். அவள் சிங்கள எழுத்தில் அவற்றை எழுதிக்கொண்டு, எங்கள் நம்பரை ஒருதரம் தமிழில் சொல்லிப் பார்த்தாள். ஐந்தில் தடுக்கினாள். என் பக்கத்தில் நின்றவள் குனிந்து போனுக்குள், "அஞ்சு" என்றாள், மெதுவாக. அங்கிருந்து அந்தப் பெண், "அஞ்சு" என்றாள்.